தொடுபலகையில் உந்த நகர்வு

தொடுபலகையில் உந்த நகர்வு என்பது, விரலை எடுத்த பிறகும் கணினித் திரையிலுள்ள சுட்டுக்குறி சற்றுத் தூரம் தானே நகர்ந்து, படிப்படியாக வேகம் குறைந்து நிற்கும் முறையாகும். டச்பேட் என்று வழங்கப்படும் தொடுபலகை, மடிக்கணினிகளில் விசைப்பலகைக்குக் கீழே அமைந்திருக்கும். அதன்மீது விரலைத் தேய்த்தால் கர்சர் எனப்படும் சுட்டுக்குறி திரையில் நகரும். விரலை எடுத்தால் அக்கணமே நின்றுவிடும். பெரும்பாலான இயங்குதளங்களில் இதுவே வழக்கம். உந்த நகர்வு இருந்தால், கேரம் பலகையில் சுண்டிவிட்ட ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் பிரிந்த பின்னும் வழுக்கிச் செல்வதைப் போலச் சுட்டுக்குறியும் செல்லும்.

இது புதிய கருத்தன்று. தொடுபலகைக்கு முன்பிருந்த உருள்பந்துக் கருவிகளில் இத்தன்மை இயல்பாகவே இருந்தது. பந்து போய்த் தட்டையான பலகை வந்தபோது அது மறைந்தது. சில காலம் மென்பொருள் வழியாகத் திரும்பி வந்தது. பின்னர் பெரும்பாலான கணினிகளில் மீண்டும் இல்லாமற்போனது. இதை மேசைக்கணினி இயங்குதளத்திலேயே ஒரு தெரிவாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் உந்தத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு நகர்ந்துள்ளது.

உந்தமும் உராய்வும்

இயற்பியலில் உந்தம் என்பது ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அளவாகும். இயங்கும் பொருள் தானாக நிற்பதில்லை. உராய்வு போன்ற புறவிசையே அதை நிறுத்துகிறது. கேரம் பலகையில் பவுடர் தூவினால் காய் நெடுந்தூரம் ஓடுவதும், பவுடர் தீர்ந்தால் பாதியில் நின்றுவிடுவதும் இதனால்தான்.

சுட்டுக்குறிக்கு நிறை கிடையாது. அது திரையில் வரையப்படும் ஓர் அம்புக்குறி மட்டுமே. ஆகவே அதற்கு உந்தம் வேண்டுமானால் மென்பொருள்தான் கணக்கிட்டுத் தர வேண்டும். கணக்கு எளிது. விரல் எடுக்கப்படும் நேரத்தில் சுட்டுக்குறியின் வேகம் அளக்கப்படுகிறது. அதன்பின் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவ்வேகம் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் பெருக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்று கொள்வோம். விரலை எடுக்குமுன் கடைசிப் புதுப்பித்தலில் சுட்டுக்குறி 20 படப்புள்ளிகள் நகர்ந்திருந்தது. பெருக்கும் எண் 0.9 எனில், அடுத்தடுத்த நகர்வுகள் 18, 16.2, 14.58 என்று குறைந்துகொண்டே போகும். இது பள்ளிக் கணிதத்தில் வரும் பெருக்குத் தொடர்வரிசையே. இதன் முடிவிலிக் கூடுதல் 180 படப்புள்ளிகள். ஏறத்தாழ அரை நொடியில் நகர்வு ஒரு படப்புள்ளிக்கும் கீழாகக் குறைந்துவிடும். பெருக்கும் எண்ணை 0.95 என்று மாற்றினால் மொத்தத் தூரம் 380 படப்புள்ளிகளாகும். நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடியாகும். கேரம் பலகையில் பவுடர் செய்யும் வேலையை இங்கே இந்த ஓர் எண் செய்கிறது.

உருள்பந்தின் காலம்

திரையில் ஒரு புள்ளியை நகர்த்தும் தேவை முதலில் போர்க்கப்பல்களின் ரேடார் திரைகளில் எழுந்தது. பிரித்தானியக் கடற்படைக்காகப் பணியாற்றிய ரால்ஃப் பெஞ்சமின், 1946-இல் ரேடார் காட்சி அமைப்பு ஒன்றுக்காக உருள்பந்தை வடிவமைத்தார். ரப்பர் பூசிய இரு சக்கரங்களின்மீது ஓர் உலோகப் பந்து உருண்டது. ஒரு சக்கரம் கிடைத்திசை நகர்வையும், மற்றொன்று செங்குத்துத் திசை நகர்வையும் அளந்தன. 1947-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டபோதும் இது படைத்துறை இரகசியமாகவே வைக்கப்பட்டது.

கனடாக் கடற்படையின் டாட்டார் திட்டத்தில் டாம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் 1952-இல் உருவாக்கிய உருள்பந்து இன்னும் சுவையானது. அதற்கெனத் தனிப் பந்து செய்யாமல், கனடாவில் விளையாடப்படும் ஐந்து முளைப் பவுலிங் ஆட்டத்தின் பந்தையே பொருத்திவிட்டனர். ஒன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள அப்பந்தைக் கையால் உருட்டித் திரையில் இலக்கைச் சுட்டினர்.

கனமான பந்துக்கு உந்தம் உண்டு. மெல்ல உருட்டினால் நுணுக்கமாக நகரும். வேகமாகத் தள்ளிக் கையை எடுத்தால் தொடர்ந்து சுழலும். நிறுத்த வேண்டுமானால் உள்ளங்கையை வைத்தால் போதும். தொலைதூரத்துக்கு ஒரே தள்ளல், நுணுக்கத்துக்கு மெல்லிய உருட்டல் என இரு வேலைகளையும் ஒரே கருவி செய்தது. இதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. உந்தம் பொருளிலேயே இருந்தது. அதைக் கட்டுப்படுத்தியது பயனரின் கை.

பின்னர் 1980-இல் வெளிவந்த அட்டாரி நிறுவனத்தின் மிசைல் கமாண்ட் விளையாட்டு இந்தக் கருவியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. காசு போட்டு ஆடும் அவ்விளையாட்டுப் பெட்டிகளில் பந்தைச் சுழற்றிவிட்டுத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் குறியைக் கொண்டுசெல்வது ஆட்டத் திறமையின் ஒரு பகுதியாக இருந்தது.

மவுஸும் ஃபிட்ஸ் விதியும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் எண்ணியபடி பில் இங்கிலிஷ் 1964-இல் முதல் மவுஸ் மாதிரியைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுவெளியில் செய்துகாட்டப்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம், உருள்பந்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ரோல்குகல் என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது.

மவுஸில் உந்தம் கிடையாது. கை நின்றால் அதுவும் நிற்கும். ஆனாலும் அது வெற்றிபெற்றது. அதற்கான விளக்கத்தை உளவியலில் காணலாம். இலக்கை நோக்கிய கையசைவில் இரண்டு கட்டங்கள் உண்டு என்று ராபர்ட் உட்வொர்த் 1899-இலேயே குறித்திருந்தார். முதலாவது, இலக்கின் அருகே வேகமாகச் செல்லும் பாய்ச்சல். இரண்டாவது, கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் நுண்ணசைவு. பால் ஃபிட்ஸ் 1954-இல் இதற்கு ஒரு கணித வடிவம் தந்தார். இலக்கை அடையும் நேரம், இலக்கின் தூரத்தை அதன் அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணின் மடக்கையைப் பொறுத்தது என்பது அவ்விதி. தூரம் இருமடங்கானால் நேரம் இருமடங்காவதில்லை, சிறிதளவே கூடுகிறது. 1978-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் ஆகியோர் வெளியிட்ட ஒப்பீட்டில், மவுஸின் வேகம் மனிதக் கையின் இயல்பான எல்லைக்கு நெருக்கமாக இருப்பது தெரியவந்தது. மவுஸில் முழங்கையும் மணிக்கட்டும் பாய்ச்சலைக் கவனித்துக்கொள்ளும். விரல்கள் நுண்ணசைவைக் கவனித்துக்கொள்ளும்.

பந்திலிருந்து பலகைக்கு

மடியில் வைத்துக்கொள்ளும் கணினியில் மவுஸுக்கு இடமில்லை. ஆகவே உருள்பந்து திரும்பி வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் போர்ட்டபிள் 1989-இல் உருள்பந்துடன் வந்தது. 1991 அக்டோபரில் வந்த பவர்புக் வரிசை, விசைப்பலகையைத் திரைப்பக்கம் நகர்த்தி, கீழே நடுவில் பந்தையும் இருபுறமும் உள்ளங்கை வைக்கும் இடத்தையும் அமைத்தது. இன்றைய மடிக்கணினிகளின் அமைப்பு அதுவே. ஆனால் பந்தில் அழுக்கும் கையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தன. உள்ளே தூசி புகுந்து உருளைகள் திக்கின. கணினியை மெல்லியதாக்கவும் பந்து இடையூறாக இருந்தது.

ஐபிஎம் நிறுவனம் வேறு வழியில் சென்றது. டெட் செல்கர் உருவாக்கிய டிராக்பாயிண்ட் என்னும் சிறு சிவப்புக் குமிழ் 1992-இல் திங்க்பேட் 700சி கணினியின் விசைகளுக்கு நடுவே அமைந்தது. குமிழ் நகராது, அதன்மீது தரும் அழுத்தத்துக்கேற்பச் சுட்டுக்குறி வேகமெடுக்கும். இதில் எதிர்நிலைமம் என்னும் உத்தி கையாளப்பட்டது. அழுத்தம் கூடும்போது சுட்டுக்குறியைச் சற்று மிகையாகவே விரைவுபடுத்துவதும், குறையும்போது மிகையாகவே வேகம் தணிப்பதும் இதன் இயல்பு. அதாவது, சுட்டுக்குறி மந்தமாக இழுபடும் உணர்வைப் போக்கவே இங்குக் கணக்குப் போடப்பட்டது. எல்லாக் கருவிக்கும் உந்தம் நன்மை செய்யாது என்பதற்கு இது ஒரு சான்று.

தொடுபலகையும் இதற்குள் முளைத்திருந்தது. 1983-இல் வந்த கவிலான் என்னும் கையடக்கக் கணினியில் விசைப்பலகைக்கு மேலே தொடும் பட்டை ஒன்று இருந்தது. 1980-களின் இறுதியில் ஜார்ஜ் கெர்ஃபைடு கிளைடுபாயிண்ட் என்ற தொடுபலகையை உருவாக்கி, சிர்க் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். 1994 மே மாதம் வெளிவந்த ஆப்பிள் பவர்புக் 500 வரிசையில் பந்தின் இடத்தைத் தொடுபலகை பிடித்தது. முதல் நுண்செயலியான இன்டெல் 4004-ஐ வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபெடெரிக்கோ ஃபாகினும், கார்வர் மீடும் 1986-இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம் விரைவில் தொடுபலகை உற்பத்தியில் முன்னணிக்கு வந்தது.

தொடுபலகையின் அடியில் நெருக்கமான மின்முனைகளின் வலை இருக்கிறது. விரல் நெருங்கும்போது அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அம்மாற்றங்களின் நடுப்புள்ளியே விரலின் இடம் எனக் கணிக்கப்படுகிறது. அசையும் உறுப்பு எதுவுமில்லை, தூசி புகாது, தேய்மானம் குறைவு. சில ஆண்டுகளிலேயே மடிக்கணினிகளிலிருந்து பந்து மறைந்துபோனது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளி மாணவர்கள் பலர் முதன்முதலாகப் பழகிய சுட்டுக் கருவியும் இத்தொடுபலகையே.

இழப்பும் ஈடும்

பந்தோடு உந்தமும் போனது. தொடுபலகை சில சென்டிமீட்டர் அகலமே உடையது. திரையோ அகன்றுகொண்டே வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல, விரலைத் தேய்த்து, எடுத்து, மீண்டும் தொடக்கத்தில் வைத்துத் தேய்க்க வேண்டியதாயிற்று. ஃபிட்ஸ் விதி கூறும் ஒரே பாய்ச்சல் இங்கே மூன்று நான்கு துண்டுகளாக உடைந்துபோனது. நாள் முழுதும் கணினியில் உழைப்பவருக்கு இந்தத் தேய்த்தல் ஆயிரக்கணக்கில் சேரும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் விரலிலும் மணிக்கட்டிலும் வலி வருவது பலரும் அறிந்த ஒன்று.

இவ்விழப்பை ஈடுசெய்ய மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது முடுக்கம். விரல் மெல்ல நகர்ந்தால் சுட்டுக்குறி குறைவாகவும், வேகமாக நகர்ந்தால் பன்மடங்கு அதிகமாகவும் செல்லும். இன்றைய எல்லா இயங்குதளங்களிலும் இது உண்டு. இரண்டாவது விளிம்பு நகர்வு. விரல் பலகையின் ஓரத்தை அடைந்து அங்கேயே நின்றால், எடுக்கும்வரை சுட்டுக்குறி அதே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதே உந்த நகர்வு. சினாப்டிக்ஸ் நிறுவனம் விண்டோசுக்கு வழங்கிய இயக்கி மென்பொருளின் அமைப்புகளில், மொமென்டம் என்ற பெயரிலேயே ஒரு தெரிவு இடம்பெற்றிருந்தது. அதை இயக்கினால் தொடுபலகை உருள்பந்தைப் போல நடந்துகொண்டது. சுண்டியபடி விரலை எடுத்தால் சுட்டுக்குறி வழுக்கிச் சென்றது. மீண்டும் தொட்டால் நின்றது. பந்திலிருந்த உந்தம் இப்போது இயக்கி மென்பொருளுக்கு இடம்பெயர்ந்திருந்தது. ஆனால் இத்தெரிவு அமைப்புகளின் உட்பக்கத்தில், பெரும்பாலோர் திறந்தே பார்க்காத இடத்தில் இருந்தது.

திரையுருட்டலில் உந்தம்

சுட்டுக்குறியின் உந்தம் மறைந்து கிடந்த வேளையில், திரையுருட்டலின் உந்தம் உலகெங்கும் பரவியது. 2006-இல் லாஜிடெக் நிறுவனம் வெளியிட்ட எம்எக்ஸ் ரெவல்யூஷன் மவுஸில், சுண்டிவிட்டால் தடையின்றிச் சுழலும் கனமான உலோகச் சக்கரம் இருந்தது. நீண்ட ஆவணங்களைப் படிப்போருக்கு அது உதவியது. அங்கே உந்தம் மெய்யான உலோகத்திலேயே இருந்தது.

2007 ஜனவரியில் அறிமுகமான ஐபோன், அதே உணர்வை வெறும் கண்ணாடித் திரையில் கணக்கீட்டினால் உண்டாக்கியது. விரலால் மேலே தள்ளினால் பட்டியல் ஓடி, மெதுவாக நின்றது. இந்த உந்த உருட்டலைத் தட்டைக்கணினி முயற்சி ஒன்றில் பார்த்தபோதுதான் இதைக் கொண்டு ஒரு தொலைபேசியே செய்யலாம் என்று தோன்றியதாக ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் ஒரு மாநாட்டு நேர்காணலில் தெரிவித்தார்.

இதற்குப் பின்னால் கைவலியின் கதையும் உண்டு. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த வெய்ன் வெஸ்டர்மேன், தட்டச்சு செய்வதால் கைவலிக்கு ஆளானவர். வலியின்றிக் கணினியைக் கையாளும் வழி தேடியே, பேராசிரியர் ஜான் எலியாசுடன் சேர்ந்து பல விரல் தொடுகையை உணரும் பலகைகளை உருவாக்கினார். அவர்கள் 1998-இல் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை 2005-இல் ஆப்பிள் வாங்கியது. 2010-இல் வந்த மேக்புக் ப்ரோ மடிக்கணினிகளின் தொடுபலகையில் உந்த உருட்டல் இடம்பெற்றது. ஆனால் சுட்டுக்குறிக்கு அந்த உந்தம் தரப்படவில்லை.

லினக்சில் எழுந்த சிக்கல்

லினக்ஸ் கணினிகளில் எக்ஸ் சாளர அமைப்புக்கான சினாப்டிக்ஸ் இயக்கி நெடுங்காலம் தொடுபலகைகளைக் கவனித்து வந்தது. அதிலும் திரையுருட்டலுக்கு உந்தம் இருந்தது. நொடிக்கு 20 உருட்டல் என்ற வேகத்தை விரல் எட்டினால்தான் தொடர் உருட்டல் தொடங்கும். அதன்பின் நொடிக்கு நொடி 50 உருட்டல் என்ற அளவில் வேகம் குறையும். இவை அதன் இயல்பு அமைப்புகள். பள்ளி இயற்பியலின் இயக்கச் சமன்பாட்டில் இவற்றைப் பொருத்தினால், 20 என்ற வேகத்தில் விடப்பட்ட உருட்டல் 0.4 நொடியில் 4 உருட்டல் கடந்து நிற்கும். வேகம் 40 என்றால் 0.8 நொடியில் 16 உருட்டல் கடக்கும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. இயக்கி என்பது வன்பொருளுக்கு அருகிலுள்ள மென்பொருள். திரையில் எந்தச் சாளரம் திறந்திருக்கிறது, பயனர் எதைப் பார்க்கிறார் என்பது அதற்குத் தெரியாது. விரலை எடுத்த பின்னும் அது போலி உருட்டல் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதே நேரத்தில் பயனர் வேறு சாளரத்துக்கு மாறினால், அந்தச் சாளரம் உருளத் தொடங்கியது. கன்ட்ரோல் விசையை அழுத்தினால், பல செயலிகளில் அது உருப்பெருக்கக் கட்டளையாகி எழுத்து திடீரெனப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆனது. விரல் இல்லாமல் வந்த செய்தி இது என்று செயலிகளுக்குத் தெரிய வழியில்லை.

வேலண்ட் என்னும் புதிய காட்சி அமைப்புக்காக யோனாஸ் ஓடால் 2013-இல் லிப்இன்புட் என்னும் நிரலகத்தைத் தொடங்கினார். பின்னர் பீட்டர் ஹட்டரர் அதன் முதன்மைப் பராமரிப்பாளரானார். அதில் உந்தக் கணக்கு வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. மாறாக, விரல் எடுக்கப்பட்டதும் உருட்டல் முடிந்தது என்ற செய்தி செயலிக்கு அனுப்பப்படுகிறது. உந்தம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதைச் செயலியே முடிவுசெய்துகொள்ளும். குனோம் சூழலின் அடித்தளமான ஜிடிகே போன்ற இடைமுகக் கருவித்தொகுதிகள் அவ்வாறே செய்கின்றன. உந்தம் இயக்கியிலிருந்து செயலிக்கு நகர்ந்தது.

திரையுருட்டலுக்கு இது நல்ல தீர்வு. ஏனெனில் எந்தப் பக்கம் உருள்கிறது, அது எங்கே முடிகிறது என்பதெல்லாம் செயலிக்குத் தெரியும். ஆனால் சுட்டுக்குறி எந்தச் செயலிக்கும் உரியதன்று. அது எல்லாச் சாளரங்களுக்கும் மேலே உலவுவது. எனவே அதன் உந்தத்தை எந்தச் செயலியும் தர இயலாது. இயக்கியும் தராது, செயலியும் தர முடியாது என்னும்போது, இயங்குதளத்தின் நடுவடுக்குகளைப் பராமரிப்போரிடம் கோரிக்கை வைப்பதே எஞ்சிய வழி.

விண்டோசிலும் ஏறத்தாழ இதே நிலை வந்தது. 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் துல்லியத் தொடுபலகை என்னும் பொதுத்தரத்தைக் கொண்டுவந்தது. விரலசைவுகளுக்குப் பொருள் காணும் வேலை, தொடுபலகை நிறுவனங்களின் இயக்கிகளிடமிருந்து விண்டோசிடமே சென்றது. இதனால் எல்லா மடிக்கணினிகளிலும் விரற்குறிகள் ஒரே மாதிரியாகச் செயல்பட்டன, தரமும் உயர்ந்தது. ஆனால் அப்பொதுத்தரத்தில் சுட்டுக்குறியின் உந்த நகர்வுக்கு இடமளிக்கப்படவில்லை. பழைய கணினியில் அதற்குப் பழகியிருந்தவர், புதிய கணினி வாங்கியபோது அத்தெரிவைக் காணாமற்போனதாகக் கண்டார்.

கோரிக்கையின் இரு பக்கங்கள்

சுட்டுக்குறிக்கு உந்தம் வேண்டும் என்போரின் வாதம் தெளிவானது. அகன்ற திரையிலும், ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை இணைத்துப் பயன்படுத்தும்போதும் தேய்த்தல்களின் எண்ணிக்கை குறையும். விரலசைவு குறைவதால் கைவலி உள்ளோருக்கு ஆறுதல். முடுக்கத்தை மிக உயர்த்தினாலும் தொலைவு கைகூடும். ஆனால் அப்போது நுண்ணசைவு கெடும். உந்தம் இருந்தால் முடுக்கத்தைக் குறைவாகவே வைத்துக்கொண்டு தொலைவையும் எட்டலாம்.

மறுப்போரின் வாதத்திலும் வலு உண்டு. திரையுருட்டலில் பயனர் ஓடும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில வரிகள் தள்ளி நின்றாலும் பாதகமில்லை. சுட்டுக்குறியின் இலக்கோ ஒரு சிறு பொத்தான். சில படப்புள்ளிகள் தாண்டினாலும் தவறான இடத்தில் அழுத்த நேரிடும். கை நடுக்கம் உள்ளவர், விரலை எடுக்கும்போது அறியாமல் சுண்டிவிட்டால், நின்ற இடத்திலிருந்து குறி நழுவிவிடும். ஒருவருக்கு ஆறுதலாக இருப்பது மற்றவருக்குத் தொல்லையாகிறது. எனவே இயல்புநிலையில் முடக்கி வைத்து, வேண்டுவோர் இயக்கிக்கொள்ளும் தெரிவாகத் தருவதே பொருத்தமான கோரிக்கையாகும்.

தெரிவாகத் தருவதிலும் செலவு உண்டு. மென்பொருளில் முடக்கு, இயக்கு என்ற இருநிலைத் தெரிவுகள் 10 இருந்தால், அவை 1,024 விதமாகச் சேரக்கூடும். ஒவ்வொரு புதிய தெரிவும் இவ்வெண்ணிக்கையை இருமடங்காக்குகிறது. அவற்றைச் சோதித்துப் பராமரிப்பது, பெரும்பாலும் சிறு குழுவினரின் தோளில் விழுகிறது. பயனர்களுள் சிலரே கேட்கும் ஒன்றுக்கு அவர்கள் தயங்குவது இதனால்தான்.

மேலும் சில நுட்பக் கேள்விகளுக்கு விடை வேண்டும். விரலை எடுக்கும்போது அதன் தொடுபரப்பு சுருங்கி, நடுப்புள்ளி சற்று விலகுகிறது. அதனால் கடைசி அளவீட்டை மட்டும் நம்பாமல், முந்தைய சில அளவீடுகளின் சராசரியிலிருந்தே வேகத்தைக் கணிக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் உந்தம் தொடங்க வேண்டும். இல்லையெனில் மெல்லிய அசைவுகளும் வழுக்கிவிடும். வழுக்கும் குறியை நிறுத்தத் தட்டும் தட்டலை, பொத்தான் அழுத்தமாகக் கொள்ளக் கூடாது. கோப்பு ஒன்றைப் பிடித்து இழுத்துச் செல்லும்போது உந்தம் இருந்தால், அது தவறான கோப்புறையில் விழக்கூடும். எந்த அடுக்கில் சேர்ப்பது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற இம்மூன்றுக்கும் விடை சொல்லும் கோரிக்கையே உருவாக்குநர்களின் மேசையில் பேசுபொருளாகும்.

ஸ்டீம் கட்டுப்படுத்தி

இக்கேள்விகளுக்குச் செயல்வழி விடை, மேசைக்கணினித் துறையிலிருந்து வராமல் விளையாட்டுத் துறையிலிருந்து வந்தது. வால்வு நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட ஸ்டீம் கட்டுப்படுத்தியில், இரு கட்டைவிரல்களுக்கும் வட்டமான தொடுபலகைகள் இருந்தன. அவற்றை உருள்பந்து முறையில் அமைத்துக்கொள்ளலாம். விரலைச் சுண்டி எடுத்தால் பார்வை தொடர்ந்து திரும்பும். எதிரியை நோக்கிச் சட்டெனத் திரும்ப வேண்டிய விளையாட்டுகளில் இது பயன்பட்டது.

இதில் குறிப்பிடத்தக்கது அதிர்வுணர்வு. பலகையின் கீழுள்ள மின்காந்த அதிர்விகள், கண்ணுக்குத் தெரியாத பந்து சுழல்வதைப் போன்ற மெல்லிய துடிப்புகளைக் கைக்கு உணர்த்தின. வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகி நின்றது. பந்து ஓடுகிறதா, நின்றதா என்பதைக் கண்ணால் பாராமலே கை அறிந்துகொண்டது. உராய்வின் அளவையும் பயனரே கூட்டிக் குறைக்கலாம். 1952-இன் பவுலிங் பந்து கைக்குத் தந்த செய்தியை இக்கருவி மென்பொருளாலும் அதிர்வாலும் மீட்டுத் தந்தது. இக்கட்டுப்படுத்தியின் விற்பனை 2019-இல் நிறுத்தப்பட்டாலும், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி இம்முறையைத் தொடர்ந்தது. லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் அக்கணினியில், தொடுபலகைச் சுட்டுக்குறியை உருள்பந்து போல வழுக்கச் செய்ய முடிகிறது.

இன்றைய நிலை

விண்டோஸ், மேக் இயங்குதளங்களின் தொடுபலகை அமைப்புகளில் திரையுருட்டலுக்கு உந்தம் உண்டு, சுட்டுக்குறிக்கு இல்லை. லினக்சில் 2023-இல் லிப்இன்புட் 1.23 பதிப்பு, பயனரே முடுக்க வளைவை வரையறுத்துக்கொள்ள வழிசெய்தது. ஆனால் விரல் பலகையில் இருக்கும்வரைதான் அவ்வளைவு வேலைசெய்யும். விரலை எடுத்த பின் நிகழ்வதை அது மாற்றாது.

இருப்பினும் லினக்சில் ஒரு பக்கவழி உள்ளது. அதன் கருவகத்திலுள்ள யூஇன்புட் என்னும் வசதியைக் கொண்டு, எவரும் மென்பொருளாலேயே ஒரு போலிச் சுட்டுக் கருவியை உருவாக்கலாம். தொடுபலகையின் அளவீடுகளைப் படித்து, விரல் எடுக்கப்பட்டதும் மேலே கண்ட பெருக்குத் தொடரின்படி சிறு சிறு நகர்வுகளை அப்போலிக் கருவியின் வழியே அனுப்பும் சிறு நிரல் போதும். இதை எழுதத் தேவையான கணிதம் பத்தாம் வகுப்பு அளவே. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இவ்வழி திறந்திருக்கிறது. நிரல் தெரியாத, ஆனால் விரல்வலியால் இவ்வசதி தேவைப்படும் ஒருவருக்கு, அமைப்புகள் பக்கத்தில் ஒரு பெட்டியைக் குறியிட்டால் போதும் என்ற நிலை வருவதே பயன்தரும். உருள்பந்தை மேசையில் தனியே இணைத்து வைத்துக்கொள்வோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு எந்தக் கோரிக்கையும் தேவைப்படவில்லை, ஏனெனில் உந்தம் இன்னும் அவர்கள் பந்திலேயே இருக்கிறது.